திருமலையில் குடியேறுபவர்களுக்கு: குசினியில் காஸ் மணந்தால்

வெளிநாட்டிலிருந்து திருகோணமலைக்கு வந்து வீடெடுக்கும் சொந்தக்காரருக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது குசினியைத்தான். லண்டனில் காஸ் குழாயில் வரும். மணந்தால் ஒரு இலக்கத்துக்கு அழைக்க, ஆள் வந்துவிடும். இங்கே சிலிண்டர்தான், அநேகமாக 12.5 கிலோ. வெறும் சிலிண்டரைக் கடையில் கொடுத்து, நிறைந்ததை வாங்கிவந்து நாங்களே பூட்ட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வருபவர்களுக்குச் சிலிண்டர் புதிதல்ல. ஆனால் காஸ் கசிந்தால் அழைக்க அங்கே பழகிய 1906 என்ற இலக்கம் இங்கே உதவாது.

லண்டன்காரர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அங்கே குழாயில் வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அதனால் கசிந்த காஸ் தரையோடு படரும். அலுமாரிக்கு அடியிலும், பள்ளமான மூலையிலும், தண்ணீர் போகும் கானுக்குள்ளும் போய்த் தங்கும். 100 பங்கு காற்றில் 2 பங்கு காஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

போன வாடைக்காலம் உப்புவெளியில் மச்சாள் குடும்பம் வந்து இறங்கி மூன்றாம் நாள். மழைக்காக எல்லா யன்னலும் பூட்டிக் கிடந்தது. விடியப்புறம் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனவள், அழுகின முட்டை மாதிரி ஒரு மணம் வர, முதல்நாள் வாங்கின கருவாடென்று நினைத்திருக்கிறாள். லைட் சுவிட்சுக்குக் கை நீட்டும்போதுதான் பின்னால் வந்த பெரியம்மா "லைட்டைப் போடாதை பிள்ளை!" என்று கையைப் பிடித்து இழுத்தார். சிலிண்டரில் காஸ் மணம் தெரியவேண்டும் என்றே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். கருவாடு இல்லாத நாளிலும் கருவாடு மணத்தால், சந்தேகப்படுங்கள்.

சரி, மணந்தால் என்ன செய்வது? எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். நிற்பாட்டும்போதும் உள்ளே சின்னப் பொறி பறக்கும். காற்றாடியும் அப்படியே இருக்கட்டும், பிரிஜ்ஜின் பிளக்கையும் இழுக்காதீர்கள். மீட்டர்ப் பெட்டி வெளி விறாந்தையில், மணம் இல்லாத இடத்தில் இருந்தால் மெயின் சுவிட்சை நிற்பாட்டலாம். கரண்ட் போயிருந்து திரும்ப வந்தால் பிரிஜ் தானாக ஓடத் தொடங்கும், அதுவும் ஆபத்து. சாமியறை விளக்கையும் நுளம்புத்திரியையும் ஆட்கள் மறந்துவிடுவார்கள். மணம் அந்தப் பக்கம் எட்டவில்லை என்றால் மட்டும் அணையுங்கள்.

மணம் இலேசாக இருந்தால், ரெகுலேட்டரை மூடி, குக்கரின் திருகிகளையும் மூடுங்கள். யன்னலை மட்டும் திறந்தால் போதாது, தரைமட்டத்தில் கிடக்கும் காஸ் வெளியேறக் கதவுகளைத் திறந்துவிட வேண்டும். பிறகு பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். மணம் தலையைச் சுற்றுகிற அளவுக்கு இருந்தால், அல்லது சீறும் சத்தம் கேட்டால், மூடுவதற்கென்று உள்ளே நிற்காதீர்கள். வெளியே வந்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கான் வழியாக அவர்கள் பக்கமும் போகும். நெருப்புப் பிடித்திருந்தால் சிலிண்டரைத் தூக்கப் போகவே வேண்டாம்.

மச்சாள் வீட்டில் காற்றோட்டம் வந்து, மணம் முழுக்கப் போன பிறகு, பெரியம்மா ஒரு கோப்பையில் சவர்க்கார நுரை கலக்கிக் கொண்டுவந்தார். ரெகுலேட்டரை மெல்லத் திறந்து, ஹோஸ் பூட்டும் இடத்தில் துணியால் நுரையைத் தடவ, கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு குமிழி எழும்பி, உடைந்து, திரும்ப எழும்பியது. உடனே மூடிவிட்டோம். கிளிப் துருவேறி இளகியிருந்தது. கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்று இரும்பை அப்படித்தான் தின்னும். கசிவு பார்க்க நெருப்புக்குச்சி கொளுத்துபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தன. சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டது பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தப் பயம் இங்குள்ளவர்களுக்கு இன்னும் இருக்கிறது. அதனால் கடைக்காரரிடம் நுரை தடவிப் பார்த்துத் தரச் சொன்னால் ஒருவரும் குறையாக நினைக்கமாட்டார்கள், கேளுங்கள். வாடகை வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஹோஸை நம்பாதீர்கள். எத்தனை வருடம் பழசென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் உங்கள் முதற்செலவாக இருக்கட்டும். சிலிண்டரை அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல், நிமிர்த்தி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள்.

அப்புறம், தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. இவற்றோடு உங்கள் காஸ் கடைக்காரரின் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். குசினிச் சுவரில் அல்ல, வாசல் கதவின் வெளிப்பக்கத்தில்.