அமெரிக்க வகுப்புக்கு இப்போதே காதைப் பழக்குங்க

கம்ப்யூட்டர் மேல்படிப்புக்கு அமெரிக்கா கிளம்பும் நம்ம நெல்லைப் பிள்ளைகள், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஓப்பன்கோர்ஸ்வேர்’ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாட வீடியோ ஒன்றை எடுத்து, முதல் பத்து நிமிடம் கேப்ஷன் (பேச்சைத் திரையில் காட்டும் எழுத்து) இல்லாமல் கேளுங்க. பிறகு அதே பத்து நிமிடத்தை கேப்ஷனோடு ஓட்டி, காதில் நழுவியதை மட்டும் நோட்டில் குறிச்சு வையுங்க.

குறித்ததைப் பார்த்தால் தெரியும்: ‘அல்காரிதம்’, ‘ரிகர்ஷன்’ மாதிரி பாடச் சொற்கள் எல்லாம் பிடிபட்டிருக்கும், தப்புவது சில்லறைச் சொற்கள்தான். நாம் ‘ஹேஷ்’ என்கிற # குறியை அங்கே பலர் ‘பவுண்ட்’ என்பார்கள். நம்ம ‘இஸட்’ (Z) அங்கே ‘ஸீ’. அதை ‘சி’ (C) என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் எழுதினால் போச்சு! ஒரு சொல்லில் இடறினால் அடுத்த இரண்டு வரியும் போகும், அப்புறம் குரூப் புராஜெக்டில் வாய் திறக்கவே கூச்சம் வரும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சொல்லித்தருவது பெரும்பாலும் பொதுப்பேச்சு. இந்தக் காதுப் பழக்கத்துக்கு அங்கே பணம் கட்ட வேண்டாம். திருச்செந்தூர் பாசஞ்சரில் ஜன்னலோரமும் ஒரு ஹெட்போனும் போதும்.

இது காதுக்கு மட்டும்தான், பேச்சுக்கு உதவாது. ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா போகிறவர்கள் அந்தந்த ஊர்ப் பல்கலைக்கழக வீடியோவைத் தேடிக்கொள்ளுங்க. ஜெர்மனி என்றால் பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வீடு பிடிக்க, கடைக்குப் போக ஜெர்மன் தனியாகப் படிக்கணும்.