ரிட்டயர்மென்ட் பணத்துக்கு ஆலோசகர் தேடுகிறவர்களுக்கு

ரிட்டயர்மென்ட் பணம் கணக்கில் விழுந்த கையோடு போன் வர ஆரம்பித்துவிடும். பேங்கில் இருந்து ஒரு தம்பி, இன்சூரன்ஸ் பிடிக்கும் சொந்தக்காரர், கூட வேலை பார்த்துவிட்டு இப்போது மியூச்சுவல் ஃபண்டு போட்டுக்கொடுக்கும் சார் என்று வரிசையாக வருவார்கள். பாளையங்கோட்டை வாத்தியாரானாலும் சரி, மின்வாரியத்தில் இருந்தவரானாலும் சரி, இதே கதைதான். எல்லாரையும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர்களில் யாருக்கும் நீங்கள் கூலி கொடுக்கவில்லை, அப்படியென்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். அது யார், எவ்வளவு என்று தெரியாமல் ஒரு கையெழுத்தும் போடாதீர்கள்.

பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கிற அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர் என்று ஒரு வகை உண்டு, 2013-இல் வந்த விதிமுறை. அவருடைய பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், செபி இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அவர் உங்களிடம் ஃபீஸ் வாங்குவார், ஒரே ஆளிடம் ஆலோசனைக்கு ஃபீஸும் வாங்கிக்கொண்டு, அவருக்கு விற்றதற்குக் கமிஷனும் வாங்கக் கூடாது. மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தரிடம் இருப்பது ஏ.ஆர்.என். எண். அவருக்கு ஃபண்டு கம்பெனி கமிஷன் தருகிறது. அது சட்டப்படி சரியான தொழில்தான், ஆனால் ஆலோசனை வேறு, விற்பனை வேறு. நம் பக்கம் முதல் வகை ஆட்கள் குறைவு, அதனால் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவரோடு வீடியோ காலில் பேச வேண்டியிருக்கும். பரவாயில்லை, எல்லாம் எழுத்தில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுவோம். கல்யாண வீட்டில் நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும் இல்லையா. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அண்ணாச்சி, இதுல நான் 20 லட்சம் போட்டா உங்களுக்கு முதல் வருசம் எவ்வளவு வரும், அடுத்தடுத்த வருசம் எவ்வளவு வரும்?” நல்ல மனுசன் என்றால் சட்டென்று சொல்லிவிடுவார். பேச்சை மாற்றினால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, என்னைக் கேட்டால் இதுதான் ரொம்ப நம்பகமானது. தபால் ஆபீஸிலும் பேங்கிலும் இருக்கிற மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீதம் என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய் வட்டி வரும், கணவன் மனைவி இரண்டு பேருக்கும் 60 ஆகியிருந்தால் தனித்தனியாகவே போடலாம். வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கியவர்கள் 55 வயது ஆகியிருந்தால், ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் அந்தப் பணத்தை இதில் போட வழி உண்டு. இந்தத் திட்டத்துக்கு ஏஜென்ட் கமிஷன் 2011 டிசம்பரிலேயே நின்றுபோனது. ஆக, 60 தாண்டிய உங்களுக்கு ஒருவர் திட்டம் போட்டுத் தருகிறார், அதில் இதன் பெயரே இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். வரி, பணவீக்கம், ஏற்கெனவே வரும் பென்ஷன் என்று நியாயமான பதில் இருக்கலாம். பதில் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

ஆலோசகரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வருசச் செலவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பால், கரண்ட், மாத்திரை எல்லாம் எல்லாரும் எழுதுவார்கள். விட்டுப்போவது கோயில் கொடை வரி, கல்யாணச் செய்முறை, மகளுக்குப் பொங்கல்படி, பேரப்பிள்ளைக்குக் காது குத்து. கூட்டிப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள். விலைவாசி வருசம் 6 சதவீதம் ஏறினால் இன்றைக்கு 60 வயதில் மாசம் 30,000-இல் ஓடுகிற குடும்பத்துக்கு 12 வருசத்தில் 60,000 வேண்டும், 84 வயதில் 1,20,000 வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாத ஆலோசகர் எதற்கு?

சொத்தையும் முழுசாகச் சொல்லுங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோட்டை விதைப்பாடு வயல், தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கிற வீடு, நகை, வட்டிக்கு விட்டது, சீட்டு எல்லாம். விற்பனைக்கு வருகிறவருக்கு இதெல்லாம் காதில் விழாது, ஏனென்றால் அதில் அவருக்கு வேலை இல்லை. நல்ல ஆலோசகர் முதலில் பட்டா மாற்றச் சொல்வார், மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்பார், ஒரே பேங்கில் 5 லட்சத்துக்கு மேல் கிடக்கிற டெபாசிட்டுக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பு இல்லை என்பதை ஞாபகப்படுத்துவார்.

வருமானத்தோடு இன்சூரன்ஸும் சேர்ந்த பாலிசியைக் காட்டினால், கூட வரும் பலன் அட்டவணையை மேசையில் விரித்துப் பாருங்கள். பணம் வருசம் 4 சதவீதம் வளர்ந்தால், 8 சதவீதம் வளர்ந்தால் என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கணக்கு இருக்கும். பேனா முனை எப்போதும் 8-இன் கீழே உள்ள பெரிய தொகையில்தான் போய் நிற்கும். நீங்கள் 4-இன் கீழே விரலை வைத்து, “இது மட்டும்தான் வந்தா எனக்குக் கட்டுபடியாகுமா?” என்று கேளுங்கள். வருசா வருசம் 2 லட்சம் கட்டு என்கிற பாலிசியை ஓய்வுபெற்றவர் தலையில் கட்டுவது பெரிய அநியாயம், பென்ஷனில் இருந்து எங்கே கட்ட?

மியூச்சுவல் ஃபண்டில் டைரக்ட், ரெகுலர் என்று இரண்டு உண்டு. கமிஷன் ரெகுலரில் அடங்கியிருக்கும். வித்தியாசம் 1 சதவீதம் என்றே வைப்போம், 20 லட்சம் 15 வருசத்தில் 10 சதவீதத்தில் 83 லட்சத்தைத் தாண்டும், 9 சதவீதத்தில் 73 லட்சத்தைக்கூடத் தொடாது. அந்தப் பத்து லட்சத்துக்கு ஈடாக அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சந்தை விழும்போது பதறி விற்காமல் உங்களைப் பிடித்து நிறுத்துகிறவர், வருசத்துக்கு ஒரு தடவை கணக்கோடு வந்து உட்காருகிறவர் என்றால் கொடுக்கலாம்.

அப்புறம், செக் எப்போதும் ஃபண்டின் பெயரில் அல்லது கம்பெனியின் பெயரில்தான் போக வேண்டும். ஆலோசகருக்கு அவருடைய ஃபீஸ் தவிர ஒரு ரூபாய் போகக் கூடாது, ஓ.டி.பி.யும் சொல்லக் கூடாது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள், பிற்பாடு இந்தக் காகிதத்தை எல்லாம் தூக்கிக்கொண்டு அலையப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். நாமினி பெயர் எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே அவசரத்தில் பாலிசிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், பத்திரம் கைக்கு வந்ததில் இருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், சில சில்லறைக் கழிவு போக பணம் திரும்பும். ஃபண்டு கம்பெனி, செபி ஆலோசகர் மீது புகார் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் வீட்டில் இருந்தபடியே பதியலாம்.