மீனில் தட்டைப்புழு இருக்கிறதா? கறுப்பு வாளியில் பாருங்கள்

தொட்டியில் வளர்க்கும் கடல் மீன் பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், தோலில் ஒட்டி வாழும் தட்டைப்புழு காரணமாக இருக்கலாம். மருந்து வாங்கும் முன் ஒரு கறுப்பு வாளியில் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர் எடுத்து, வெப்பநிலையையும் பிஎச் (அமில-கார) அளவையும் தொட்டிக்குச் சமமாக்கி (பிஎச் ஏற்ற சமையல் சோடா போதும்), காற்றுக்குழாய் போட்டு, மீனை 5 நிமிடம் விடுங்கள். உப்பில்லாத தண்ணீர் புழுவின் உடலுக்குள் புகுந்து அதை வீங்க வைக்கும். நிறமே இல்லாமல் ஒட்டியிருந்தது வெள்ளையாகி, எள் அளவில் உதிர்ந்து அடியில் பளிச்சென்று தெரியும். இந்தக் குளியல் மட்டும் போதாது, ஏனென்றால் தொட்டியில் முட்டைகள் அப்படியே இருக்கும்; அப்புறம் புழுவைக் கொல்ல பிராசிகுவான்டெல்தான் மருந்து.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு இது உதவாது, அந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கும். மூச்சுத் திணறும் மீனை இதில் விடவே வேண்டாம், சாய்ந்து கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.