பாட்டுத் திருட்டு: பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள்

பாட்டுத் திருட்டு என்றதும் டவுன்லோட் செய்தவரைப் பிடித்துத் தண்டித்தால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அமெரிக்காவின் இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் 2003-இல் இதைத்தான் செய்தது. ஆயிரக்கணக்கான தனிமனிதர்கள் மீது வழக்குப் போட்டு, கெட்ட பெயரையும் வாங்கிக்கொண்டு, 2008-இல் அந்த வழியையே கைவிட்டது. காசு கொடுத்து வாங்கியவரைச் சந்தேகிப்பது அதைவிட மோசம். 2005-இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனத்தின் சில சிடிக்கள், நகலெடுப்பதைத் தடுக்கிறோம் என்று கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் மென்பொருளைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றின, அதனால் கணினியின் பாதுகாப்பிலேயே ஓட்டை விழுந்தது, கடைசியில் சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. திருட்டு எம்பி3 கேட்டவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை!

சரி, அப்படியானால் யார் காவல் காப்பது? "புகார் வந்தால் நீக்குவோம்" என்று பாட்டுகளை ஏற்ற இடம் தரும் இணையத் தளங்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வதும் தவறுதான். 1998-இல் வந்த அமெரிக்கச் சட்டம் அந்த வசதியைத் தந்தது. நீக்கிய பாட்டு அடுத்த நிமிடமே வேறு கணக்கில் ஏறும், பாடியவரே மறுபடி தேடிப் புகார் கொடுக்க வேண்டும். விளம்பரக் காசு தளத்துக்குப் போகும்போது தேடும் வேலை மட்டும் கலைஞருக்கு என்பது என்ன நியாயம்? 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் பெரிய தளங்களைப் பாட்டின் உரிமையாளர்களிடம் உரிமம் பெற முயலச் சொன்னது, எனக்கு அதுதான் சரியான திசையாகப் படுகிறது. ஆனால் எல்லாவற்றையும், ஏற்றப்படும் பாட்டுகளைத் தானே ஒப்பிட்டுத் தடுக்கும் தானியங்கி வடிகட்டியிடம் விட்டுவிடக் கூடாது. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய இசையை ஒருவர் தானே வாசித்துப் போட்டால்கூட, வேறொருவரின் பதிவு என்று அது முடக்கிவிடும். முறையிட்டால் கேட்க ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

கலைஞர்கள் பக்கமும் தவறு உண்டு. பதிவு செய்யாவிட்டால் உரிமையே இல்லை என்று பலர் பயப்படுகிறார்கள், பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் படைத்த கணமே உரிமை வந்துவிடும். ஆனால் மெட்டுக்கும் வரிக்கும் ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. யாருக்கு எவ்வளவு பங்கு என்று வெளியிடும் முன்பே எழுதி வைக்காமல் விட்டால், திருடனை விரட்டுவதற்கு முன் நண்பர்களுக்குள்ளேயே சண்டை வரும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும், அதை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐஎஸ்ஆர்சி எண்ணும் வாங்கி வையுங்கள்.

அப்புறம், அடுத்தவர் பாட்டைப் போட்டுவிட்டு "உரிமை அவருக்கே" என்று கீழே எழுதினால் அது அனுமதி ஆகாது. கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வராததும் சம்மதம் ஆகாது.