ஒரு பக்கம் குழந்தை குடிக்க, மறுபக்கம் வழியும் பாலை என்ன செய்வது?

குழந்தை இடது பக்கம் சப்பத் தொடங்கிய ஓரிரு நிமிடத்தில் வலது பக்கம் நைட்டி நனைந்துவிடும். பிரசவமான முதல் சில வாரங்களில் நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது, அது இரண்டு மார்பிலும் பால் சுரக்கும் பைகளை ஒரே நேரத்தில் அழுத்துவதால் குழந்தை வாய் வைக்காத பக்கத்திலும் பால் இறங்கிச் சொட்டுகிறது. இந்தப் பாலைத் துணியில் விட்டுவிட வேண்டியதில்லை, சுத்தமாகப் பிடித்தால் குழந்தைக்கே கொடுக்கலாம்.

ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அப்போது வருவது சீம்பால், கொஞ்சமாகத்தான் வரும், அந்தக் கொஞ்சமே குழந்தைக்குப் போதும், அதை நேராகக் குழந்தை வாயில் சேர்ப்பதுதான் முக்கியம். குழந்தையால் சப்ப முடியவில்லை என்றால் கையால் மெதுவாகப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்க நர்ஸ் சொல்லித் தருவார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் நன்றாக இறங்கிய பிறகுதான் வழிகிற பால் என்ற பேச்சே வரும்.

சரி, எதில் பிடிப்பது? காசு செலவழிக்க வேண்டாம் என்றால் வாயகன்ற சின்ன எவர்சில்வர் கிண்ணம் போதும். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, கிண்ணத்தை மார்புக்குக் கீழே ஒட்டிப் பிடித்துக்கொள்ளலாம், ஒரு கை குழந்தைக்கே போய்விடும் என்பதால் அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருந்தால் சுலபம். அடுத்தது, பிராவுக்குள் வைக்கிற கிண்ணம் போன்ற மில்க் கலெக்டர். அது உறிஞ்சாது, சொட்டுவதை மட்டும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது சிலிகான் பம்ப், அமுக்கி ஒட்டவைத்தால் அதுவாக மார்பில் பிடித்து நிற்கும், ஆனால் இது சொட்டுவதைப் பிடிப்பதோடு நிற்காமல் கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும்.

இங்கேதான் கவனம் தேவை. எவ்வளவு பால் வெளியே போகிறதோ அதற்கு ஏற்ப உடம்பு அடுத்த வேளைக்குப் பால் சுரக்கும். முதல் மாதத்தில், உடம்பு இன்னும் குழந்தையின் தேவையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒவ்வொரு வேளையும் சிலிகான் பம்பை மாட்டி முழுக்க உறிஞ்சி எடுத்தால் குழந்தையின் தேவைக்கு மேல் பால் சுரக்கத் தொடங்கலாம், அப்புறம் மார்பு கல் மாதிரி இறுகிப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரை போகலாம். ஃப்ரிட்ஜில் நிறையச் சேர்ந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், அதற்காக வலியை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். முதல் மாதம் கிண்ணமோ கலெக்டரோ போதும் என்பது என் உறுதியான கருத்து. பம்ப்தான் கையில் இருக்கிறது என்றால் மிக லேசாக அமுக்கி, ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் வையுங்கள்.

சுத்தத்துக்கு வருவோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மார்புக்குத் தினமும் குளிப்பதே போதும், காம்பில் ஒவ்வொரு வேளையும் சோப்புப் போட்டால் வறண்டு வெடிக்கும். கிண்ணம், கலெக்டர், மூடி எல்லாவற்றையும் பயன்படுத்தியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நாளுக்கு ஒரு முறையாவது ஐந்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, தானாகக் காய விடுங்கள். முந்தானையாலோ சமையலறைத் துணியாலோ துடைத்தால் கொதிக்கவைத்த பலனே போய்விடும்.

குழந்தை நன்றாகக் கவ்விக் குடிக்க ஆரம்பித்த பிறகு கலெக்டரை வையுங்கள், இல்லையென்றால் கை கால் உதைத்துத் தட்டிவிடும். பக்கம் மாற்றும் முன் அதை எடுத்துப் பாலை மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். கலெக்டரோடு குனிந்தால் மொத்தமும் மடியில் கொட்டும். சொட்டிய பக்கத்தில் பால் தீர்ந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், குழந்தை சப்பச் சப்ப வரும்.

பால் கொடுக்காத நேரத்திலும் சிலர் கலெக்டரை நாள் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். அது வேண்டாம். மணிக்கணக்காக உடம்புச் சூட்டில் இருந்த பாலில் கிருமி பெருகும், அதைக் கொட்டத்தான் வேண்டும், அந்த அழுத்தத்தில் இன்னும் அதிகமாகவும் வழியும். இடைநேரத்துக்குப் பருத்திப் பேடோ, மடித்த பழைய வேட்டித் துணியோ போதும். நனைந்ததும் மாற்றிவிடுங்கள், ஈரம் அப்படியே இருந்தால் காம்பில் பூஞ்சைத் தொற்று வரலாம்.

எடுத்த பால் எவ்வளவு நேரம் தாங்கும்? வெளியே 4 மணி நேரம் என்று எல்லோரும் சொல்வது 25 டிகிரி வரை உள்ள அறைக்கு. சித்திரை வைகாசியில் நம் ஊர் வீடுகளில் அந்தக் கணக்கு செல்லாது, பிடித்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வைத்தால் 4 நாள் வரை நிற்கும், கரண்ட் அடிக்கடி போகிற வீடு என்றால் மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது. ஃப்ரீசரில் 6 மாதம். ஒரு வேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும், பல வேளைப் பாலை ஒன்றாக ஊற்றலாம், ஆனால் புதுப்பாலைத் தனியாகக் குளிரவைத்த பிறகு பழையதில் சேருங்கள், தேதியை முதல் வேளைக் கணக்கில் எழுதுங்கள்.

கொடுக்கும்போது நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், மைக்ரோவேவும் கூடாது, சூடு ஒரே சீராக இல்லாமல் வாய் வெந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை வைத்தால் போதும். மேலே ஆடை மாதிரி பிரிந்து நிற்பது கொழுப்பு, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். பாலாடையிலோ ஸ்பூனிலோ கொடுங்கள், பாட்டில் வாங்கத் தேவையில்லை. குழந்தை குடித்து மீதி வைத்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அதற்கு மேல் வைக்காதீர்கள்.

தானாகச் சொட்டும் பாலில் கொழுப்பு குறைவு. நீங்கள் குளிக்கவோ டாக்டரைப் பார்க்கவோ போகும் ஒரு வேளைக்கு அது உதவும், தினமும் நேரடியாகக் குடிப்பதற்குப் பதிலாக அதையே கொடுக்கக் கூடாது. எடை குறைந்த குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம். கொழுப்பு குறைவு என்பதால்தான் தாய்ப்பால் வங்கிகளும் பொதுவாகச் சொட்டிய பாலை எடுப்பதில்லை. தானம் செய்ய ஆசை இருந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் உள்ள வங்கியில் கேளுங்கள், ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நேராகக் கொடுப்பதைவிட அது பாதுகாப்பு.

கெட்டுப்போகாத பால் மிஞ்சினால் குழந்தை குளிக்கும் தண்ணீரில் ஊற்றுங்கள். கண்ணில் மட்டும் விடாதீர்கள், பெரியவர்கள் எவ்வளவு சொன்னாலும் சரி, கண்ணில் பீளை இருந்தால் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. சிலருக்குச் சொட்டு கூட வழியாது. உடனே வீட்டில் “பால் பத்தலை” என்று பவுடர் டப்பாவைத் தேடுவார்கள். வழிவதற்கும் சுரப்பதற்கும் சம்பந்தமில்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை ஒரு நாளைக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட்டால் பால் போதுமானதாக இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று இல்லை என்றாலும், உங்கள் மார்பு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.