பஞ்சாங்கத்தைக் கையில் வைத்து அப்பல்லோ இறங்கிய இடங்களைப் பார்ப்பது எப்படி

நிலவில் மனிதர் கால் வைத்த ஆறு இடங்களும் நாம் பார்க்கும் முகத்தில்தான் இருக்கின்றன. நெல்லைச் சீமையில் ஒரு மொட்டை மாடியும், 10×50 பைனாகுலரும், முடிந்தால் 70 அல்லது 80 மி.மீ. தொலைநோக்கியும் இருந்தால், ஒரே வளர்பிறைக்குள் ஆறையும் தேடிப் பார்த்துவிடலாம். சோவியத் கலங்கள் போய்ச் சேர்ந்த சில இடங்களும் கூடவே கிடைக்கும். என்றைக்கு எதைப் பார்ப்பது என்பதைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே சொல்லும்.

என்ன தெரியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அங்கே விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பாகம் கால்களோடு சேர்த்தே சுமார் 9 மீட்டர் அகலம்தான். 80 மி.மீ. தொலைநோக்கியில் ஐந்தாறு கிலோமீட்டர் அகலப் பள்ளம் தெரிந்தாலே நல்ல இரவு. பூமியிலுள்ள எந்தத் தொலைநோக்கியிலும் கலமோ கொடியோ தெரியாது. 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம்தான் அவற்றை அருகிலிருந்து படம் எடுத்தது. நாம் பார்க்கப்போவது இடத்தை. அந்த இடத்தில் நிழல் விழும் விதத்தை.

நிழல்தான் இங்கே எல்லாம். அப்பல்லோ கலங்கள் இறங்கும் இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்க வேண்டும், சூரியன் அடிவானத்திலிருந்து 5 முதல் 14 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். 10 டிகிரி வெயிலில் ஒரு பாறையின் நிழல் அதன் உயரத்தைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். கிழக்கிலிருந்து, வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வருகிற விமானிக்கு மேடு எது, பள்ளம் எது என்று அந்த நிழல்தான் காட்டிக்கொடுக்கும். அப்பல்லோ 11 இறங்கும்போது கணினி பாறை நிறைந்த ஒரு பள்ளத்தை நோக்கிக் கொண்டுபோனதை ஆர்ம்ஸ்ட்ராங் கண்டு, தானே ஓட்டித் தாண்டிப் போனார். நமக்கும் அதே கணக்குதான். ஓரிடத்தில் பொழுது விடிந்த சற்று நேரத்தில் அந்த இடம் மிகத் தெளிவாகத் தெரியும். பௌர்ணமியில் நிழலே இல்லாமல் எல்லாம் வெளுத்துப்போகும். நிலவு பார்க்க அதுவே மோசமான நாள்.

இனி திதிக் கணக்கு. ஒரு திதி என்பது சூரியனிலிருந்து நிலவு 12 டிகிரி விலகுவது. ஆகவே வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விடியல் கோடும் திதிக்கு 12 டிகிரி நகரும். பார்க்க வேண்டிய இடத்தின் தீர்க்கரேகை கிழக்கு என்றால் 90இலிருந்து கழியுங்கள், மேற்கு என்றால் 90உடன் கூட்டுங்கள். வருவதை 12ஆல் வகுங்கள். அப்பல்லோ 11 இறங்கிய இடம் கிழக்கு 23.5 டிகிரி. 90இல் 23.5 போக 66.5. 12ஆல் வகுத்தால் ஐந்தரை. ஐந்து திதி முடிந்து ஆறாவது பாதியில், அதாவது சஷ்டியில், அங்கே விடிகிறது. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் நடக்கும் மாலையில், அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடலில் பொழுது புலர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (நிலவில் கடல் என்பது தண்ணீர் இல்லாத கருத்த சமவெளி). வெயில் ஏறிப் பளிச்சென்று தெரிய இன்னும் அரைத் திதி, ஒரு திதி பொறுக்க வேண்டும்.

இதில் தவறு வரும் வழிகள் மூன்று. நாள்காட்டித் தாளில் முதலில் இருப்பது காலைத் திதி. நமக்கு வேண்டியது இரவு 7 மணித் திதி, ஆகவே ‘இத்தனை மணி வரை’ என்பதையும் படியுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி சில மணி நேரம் முன்பின் இருக்கும். இதற்குத் திருக்கணிதம்தான் சரி. மூன்றாவது, நிலவு தன் முகத்தை இருபுறமும் 8 டிகிரி வரை லேசாகத் திருப்பும். அதனால் கணக்கு அரைத் திதிக்கு மேலும் தப்பலாம். இடம் இருட்டில் இருந்தால் மறுநாள் வாருங்கள்.

வரைபடத்தைத் திருப்பிப் பிடிப்பது அடுத்த வேலை. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். அச்சு வரைபடங்களில் வடக்கு மேலே இருக்கும். நம் ஊர் எட்டே முக்கால் டிகிரி வடக்கில் இருப்பதால் மாலைப் பிறை தோணி போலக் கிடக்கும். மேற்கே பார்த்து நின்று, வரைபடத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். வடக்கு வலக்கைப் பக்கம் வரும், கிரிசியம் கடல் அடியில் வரும். வானத்தோடு பொருந்திவிடும். தொலைநோக்கியில் 90 டிகிரி வளைவுக் கண்ணாடி மாட்டியிருந்தால் இடவலம் மாறித் தெரியும். அதற்கு வரைபடத்தைக் கண்ணாடிப் பிம்பமாக அச்செடுத்துக்கொள்வதே நல்லது. பழைய வரைபடங்களில் கிழக்கும் மேற்கும் மாறியிருக்கும். விண்வெளிப் பயணத்தை முன்னிட்டு 1961இல்தான் இன்றைய வழக்கத்துக்கு மாற்றினார்கள்.

தட்டட்டியில் பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவு எட்டு, ஒன்பது வரை சூட்டைக் கக்கும். பார்வைக்கு நிலவு ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் போல அலையும். ஐந்தரை மணிக்கே இரண்டு மூன்று குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். களத்து மண்ணோ வயல் வரப்போ கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று முக்காலியை ஆட்டும். கால்களை நீட்டாமல், நடுவில் நான்கைந்து கிலோ மணல் பையைத் தொங்கவிடுங்கள். மார்கழியில் பனி லென்ஸை மூடும். கறுப்பு சார்ட் தாளைக் குழலாகச் சுற்றி, லென்ஸின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னால் மாட்டினால் தாங்கும். சஷ்டி நிலவு இருட்டும்போது உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். பைனாகுலருக்கு நார்க்கட்டிலில் மல்லாந்து படுப்பதுதான் வசதி. சூரியன் முழுதாக மறையும் முன் எதையும் மேலே திருப்ப வேண்டாம்.

சதுர்த்தியில் தொடங்குங்கள். நாலாம் பிறை பார்க்கக் கூடாது என்பார்கள், ஆனால் சுமார் 500 கி.மீ. அகலமான கிரிசியம் கடல் முழுசாக வெளிச்சத்துக்கு வருவது அன்றுதான். 1969 ஜூலை 21 இந்திய நேரம் இரவு 9.20 அளவில் சோவியத்தின் லூனா 15 அங்கே மோதி நொறுங்கியது. அந்த நேரத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இன்னும் நிலவின் தரையில்தான் இருந்தார்கள். 1976இல் லூனா 24 அதே கடலிலிருந்து மண் எடுத்துத் திரும்பியது.

சஷ்டியில் செரினிட்டி கடலின் தென்கிழக்கு ஓரத்து மலைகளைப் பாருங்கள். 1972 டிசம்பரில் அப்பல்லோ வரிசையில் கடைசியாக மனிதரோடு போன அப்பல்லோ 17 அங்கேதான் இறங்கியது. சப்தமி அமைதிக் கடலுக்கு. 60 மடங்கு பெருக்கத்தில் சபைன், ரிட்டர் என்ற இரட்டைப் பள்ளங்களைப் பிடியுங்கள். ஒவ்வொன்றும் 30 கி.மீ. அளவு. அவற்றுக்குத் தென்கிழக்கே மோல்ட்கே என்ற சிறு பள்ளம், 6 கி.மீ. சொச்சம். மோல்ட்கேயிலிருந்து வடமேற்கே சுமார் 45 கி.மீ. தள்ளி அப்பல்லோ 11. இந்திய நேரம் 1969 ஜூலை 21 அதிகாலை 1.47க்கு அது இறங்கியபோது நெல்லையில் நிலவு மறைந்திருந்தது. அங்கிருந்து தெற்கே தியோஃபிலஸ் என்ற 100 கி.மீ. பெரும்பள்ளம், அதற்கு மேற்கே 300 கி.மீ.க்குச் சற்று மேல் போனால் மேட்டுநிலத்தில் அப்பல்லோ 16.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான் 3 இறங்கியதும் சப்தமியில்தான். அதைத் தூக்கிப்போன ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜின் சோதிக்கப்பட்டது நம் மகேந்திரகிரியில். தெற்கு 69 டிகிரி என்பதால் நிலவின் விளிம்பில் பள்ளங்கள் நசுங்கித் தெரியும், இடத்தைக் குறிவைப்பது கடினம். அங்கேயும் விடியலில்தான் இறங்கினார்கள். நிழலைவிட முக்கியமான காரணம் சூரிய மின்சாரம்: நிலவின் ஒரு பகலான 14 நாளும் வேலை செய்ய வேண்டும்.

அஷ்டமியை விட்டுவிடாதீர்கள். அப்பென்னைன் மலைத்தொடர் முழுதும் எழுந்து நிற்கும். அதன் வட முனையில், ஹாட்லி மலையடியில் அப்பல்லோ 15. பக்கத்திலுள்ள ஹாட்லி ஓடை ஒன்றரை கி.மீ. அகலம்தான், 150 மி.மீ. தொலைநோக்கியும் அசையாத காற்றும் வேண்டும். மலைக்கு மேற்கே ஆர்க்கிமிடிஸ், அரிஸ்டில்லஸ், ஆட்டோலைகஸ் மூன்றும் சேர்ந்து நிற்கும். 1959 செப்டம்பரில் லூனா 2 மோதியது அந்த வட்டாரத்தில். மனிதன் செய்த பொருள் வேறொரு வான்பொருளைத் தொட்டது அதுவே முதல் முறை.

தசமியில் கோபர்நிகஸ் பள்ளத்துக்குத் தெற்கே 400 கி.மீ. அளவில் அப்பல்லோ 14, அதற்கு மேற்கே 180 கி.மீ.யில் அப்பல்லோ 12. ஏகாதசியில் ஐரிடம் வளைகுடாவின் மலை விளிம்பு இருட்டுக்குள் பொன் வளையம் போல ஒளிரும். 1970இல் லூனக்கோட் 1 என்ற சோவியத் ஊர்தி ஓடியது அதன் தெற்கே. திரயோதசியில் மேற்கு ஓரம், 1966 பிப்ரவரி 3 அன்று லூனா 9 முதன்முதலில் மெதுவாக இறங்கிய புயல் கடல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்பிறை முழுக்க மேகம் மூடிவிட்டால், தேய்பிறையில் அதே திதி உதவும். சஷ்டியில் விடிந்த இடத்தில் தேய்பிறைச் சஷ்டியில் பொழுது அடையும். நிழல் மறுபக்கம் விழும். இப்போது ஒரு திதி முந்தி, பஞ்சமியிலேயே, நள்ளிரவுக்கு மேல் எழுந்து பாருங்கள்.