பெத்னல் கிரீன் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் படிப்பது எப்படி?

முதலில் பெயரைப் பாருங்கள், வாக்குக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். கிழக்கு லண்டனின் இந்த நாடாளுமன்றத் தொகுதி 1974இல் பெத்னல் கிரீன் அண்ட் போ. 1983இல் பெத்னல் கிரீன் அண்ட் ஸ்டெப்னி. 1997இல் மறுபடி பெத்னல் கிரீன் அண்ட் போ, 2024இல் மறுபடி பெத்னல் கிரீன் அண்ட் ஸ்டெப்னி. பெயர் மாறினால் எல்லையும் மாறியிருக்கும், வாக்காளர்களும் மாறியிருப்பார்கள். அந்த ஆண்டுகளில் எல்லாம் என் நோட்டில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோட்டைத் தாண்டி ஒப்பிடும்போது நிதானம் வேண்டும்.

சரி, இனி வெற்றி வித்தியாசம். 2001இல் தொழிற்கட்சியின் ஊனா கிங் 10,057 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2005இல், அதே எல்லைக்குள், ரெஸ்பெக்ட் கட்சியின் ஜார்ஜ் காலவேயிடம் 823 வாக்கில் தோற்றார். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த பக்கமே இதுதான். கிங் இராக் போரை ஆதரித்தவர். காலவே போரை எதிர்த்துப் பேசி, 2003இல் தொழிற்கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். தொகுதியிலோ பங்களாதேஷ் வம்சாவளி முஸ்லிம்கள் ஏராளம். அட்டவணையை மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியாது, அந்த வருடச் செய்தித்தாள்களையும் புரட்ட வேண்டும்.

இதே தொகுதியில் தொழிற்கட்சியின் ருஷனாரா அலிக்கு 2019இல் 37,524 வாக்கு வித்தியாசம், 2024இல் வெறும் 1,689. காஸா போரின் தாக்கம் பெரியது, ஆனால் நடுவே சிவப்புக் கோடும் இருக்கிறது. போ பகுதி ஸ்ட்ராட்போர்டோடு சேர்ந்துவிட்டது. அங்கே ஜெயித்தவர் நம் உமா குமரன்.